மறியின் பங்கு

விடுமுறைக்கு ஊர் சென்றால் நூலை மூடிவைத்துவிட்டு ஆட்டுத்தொழுவத்துட் புகுவதே எம் வழக்கம். எம் அன்னையார் வளர்க்கும் வெள்ளாடுகளே எம் கல்லூரிச் சம்பளத்திற்கு வழி. ஆதலின் அவற்றைப்பற்றி எழுத நாணுகின்றோமில்லை. ஆட்டின் இளமைக்கு ‘மறி’ என்றும், பெண்மைக்கு ‘மூடு’, ‘கடமை’ என்றும் தொல்காப்பிய மரபியல் பெயர் வகுத்துள்ளது. அந்நூற்பாக்களைத் தேர்வுக்கென நெட்டுருச் செய்த யாமே வீட்டு மறியைப் பட்டினி போட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டில் ஒரே ஈற்றிற் கிடாயொன்றும் பெட்டையொன்றும் பிறந்தன. கிடாய் கிறிஸ்துமஸ் சமயத்தில் நல்ல விலைக்குப் போகும். எனவே கடலைப்பிண்ணாக்கும் அகத்தித்தழையும் அதற்கே. பெட்டைக்கு வைக்கோல். “வீட்டில் நிற்கப்போவதுதானே” என்றோம். எட்டாம் மாதத்தில் அது சினையாயிற்று. ஈன்ற குட்டி இரண்டு உள்ளங்கையில் அடங்கிற்று, மடியிற் பாலில்லை, மூன்றாம் நாள் குட்டி இறந்தது.

அதன்பின்னரே கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கணக்குக் கேட்டோம். 12 கிலோ எடையுள்ள வளரும் மறி, ஈரம் நீக்கி எண்ணினால், நாடோறும் ஏறக்குறைய அரைக்கிலோ தீவனம் கொள்ளும். அதில் நூற்றுக்கு 14 பங்கேனும், அஃதாவது 70 கிராம், புரதமாதல் வேண்டும். வைக்கோலிலோ நூற்றுக்கு 4 பங்கே; 20 கிராம் தேறினால் மிகுதி. தீங்கு அவ்வளவில் நின்றபாடில்லை. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிப்பிக்கின்றன. தீவனத்திற் புரதம் நூற்றுக்கு ஏழிற் குறையின் அவை சோர்ந்துபோம். தின்ற வைக்கோலும் செரியாது தேங்கும். வயிறு உப்பி, எலும்பு தெரிய நின்ற அம்மறியை ‘நன்றாகத் தின்கிறது’ என்றன்றோ யாம் எண்ணியிருந்தோம்!

கிடாய்க்கு வேண்டுவது ஓராண்டு வாழ்வு. பெட்டைக்கோ உடற்கட்டும், மடியும், பின்னர் வயிற்றுக்குட்டியும் அவ்வுணவிலிருந்தே உருவாதல் வேண்டும். முழுவளர்ச்சி எடையில் மூன்றில் இருபங்கு எய்துமுன் அதனைக் கிடாயோடு சேர்த்தலாகாது.

இப்பொழுதுள்ள பெட்டைக்குட்டிக்கு நாளும் ஒரு கிலோ அகத்தித்தழையைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிடுகின்றோம். அதில் 50 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. எஞ்சியதற்கு ஒருபிடி பிண்ணாக்கு. சவுண்டல் தழையும் நன்றே. ஆயின் அதிலுள்ள நஞ்சு கருதித் தீவனத்தில் மூன்றிலொரு பங்கிற்குமேல் இடுவதில்லை. அன்னையார் மட்டும், யாம் காணாதபோது, அப்பிண்ணாக்கிற் பாதியைக் கிடாயின் பக்கம் தள்ளிவிடுகின்றார். கிறிஸ்துமஸிற்கு இன்னும் நான்கு மாதமே உள்ளது. எம் தேர்வுக் கட்டணமும் அப்பொழுதே கட்டவேண்டும்.