இருவர் கண்ட ஒரே கனவு

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. அதன்பின், வேலையின் பொருட்டு அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய வீடொன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். பம்மல் சம்பந்த முதலியார் ‘மகபதி’ என்னும் பெயரில் தமிழாக்கிய துன்பியல் நாடகம் அது.

படித்து முடித்தவள் தாயை நோக்கி, “அம்மா, நீங்களும் அப்பாவும் உயர வேண்டும், வீடு வாங்க வேண்டும் என்று நாள்தோறும் பேசுகிறீர்களே! நீங்களும் இவர்களைப் போன்றவர்கள்தாமா?” என்று வினவினாள்.

தாய் திடுக்கிட்டார். “முதலில் கதையைச் சொல்” என்றார்.

மகள் கூறலானாள். மெக்பெத் ஸ்காட்லாந்து நாட்டுப் படைத்தலைவன். அவன் அரசனாவான் என்று சூனியக்காரியர் மூவர் கூறினர். அதனை அவன் கடிதத்தில் எழுதி மனைவிக்கு அறிவித்தான். அவனுக்கு ஆசை இருந்தது, துணிவு இல்லை. மனைவி அவனது ஆண்மையை இகழ்ந்து துணிவூட்டினாள். விருந்தினராக வந்து உறங்கிய மன்னர் டங்கனை அவன் குத்திக் கொன்றான். உறங்கும் மன்னரின் முகம் தன் தந்தையின் முகத்தை ஒத்திருந்தமையால், அவளால் அதனைச் செய்ய இயலவில்லை. எனினும், கணவன் கையோடு கொண்டுவந்த குறுவாள்களைத் திரும்ப எடுத்துச் சென்று வைத்தவள் அவளே.

முடி கிடைத்தது. ஆனால், அடுத்த கொலையை அவன் மனைவியிடம் மறைத்தான். நண்பன் பாங்கோவைக் கொல்வித்தான். மக்டஃபின் மனைவி மக்களையும் கொல்வித்தான். அவளோ இரவில் உறக்கத்திலேயே எழுந்து நடந்து, இல்லாத இரத்தக்கறையைக் கையிலிருந்து கழுவ முயன்றாள். அவள் இறந்த செய்தி வந்தபோது, அவனுக்கு அழவும் நேரமில்லை.

“முதலில் எல்லாவற்றையும் சேர்ந்து பேசியவர்கள், இறுதியில் தனித்தனியே இறந்தார்கள், அம்மா” என்று மகள் முடித்தாள்.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கூறினார்: “சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு வந்தது. உடன் பணியாற்றிய நண்பர் செய்த சிறு பிழையை மேலதிகாரியிடம் பெரிதாக்கிச் சொன்னால் போதும். ‘சொல்லிவிடுங்கள்’ என்று நானே வற்புறுத்தினேன். அப்பா மறுத்துவிட்டார். இரண்டு நாள்கள் நான் அவரோடு பேசவில்லை.”

“பதவி யாருக்குக் கிடைத்தது?”

“அந்த நண்பருக்கு.”

மகள் வியப்புடன் தாயைப் பார்த்தாள். தாய் அலமாரியிலிருந்து திருக்குறளை எடுத்தார். “உயர நினைப்பது தவறன்று. அதற்கு ‘ஊக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. பிறர் பொருளைக் கவர நினைப்பதுதான் தவறு. அதற்கு ‘வெஃகாமை’ என்று வேறோர் அதிகாரம் உண்டு. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. கணவனும் மனைவியும் ஒரே கனவைக் காணலாம், ஒருவர் தவறும்போது மற்றவர் தடுக்க வேண்டும்” என்றார்.

வாயிலில் அழைப்புமணி ஒலித்தது. உள்ளே வந்த தந்தை, “இருவரும் என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“மகபதியின் மனைவியைப் பற்றி” என்று கூறிய தாய், அவருக்குத் தேநீர் எடுத்துவரச் சென்றார்.