அத்தையின் கைப்பை

சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் எங்கள் ஆயா அங்கே வேர்க்கடலை விற்றவள். இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்களை நடத்தியது. நகரத்துக் கனவான்களும் சீமாட்டிகளும் கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வந்து, எங்கள் புழுதியில் நின்றுவிட்டுப் போவார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்ததோடு எங்கள் ஊரின் பெயர் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து மறைந்தது. இப்போது சோழவரம் என்றால் சென்னைவாசிகளுக்கு ஏரியின் நீர்மட்டம், அவ்வளவுதான்.

ஆயாவுக்குக் கார்களின் மேல் அக்கறை இருந்ததில்லை. அண்ணன் தம்பிகளான எங்கள் இருவருக்கும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொரு காட்சி. கடலை வாங்க வந்த ஒரு பெண்மணி, முழங்கையில் தொங்கிய பையை அத்தனை பேர் முன்னிலையிலும் திறந்தாளாம். உள்ளே சிறு கண்ணாடி ஒன்று வெயிலில் மின்னியதாம். எட்டணாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘டக்’கென்று மூடினாளாம். “துட்ட எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டிகினு வந்திச்சு அந்தம்மா. பயமே இல்ல” என்பாள் ஆயா. அவளுடைய சுருக்குப்பை இடுப்புக்குள் எங்கோ இருந்தது. வெற்றிலை, புகையிலை, எட்டாக மடித்த ஒரு ரூபாய்த் தாள். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அந்த இரண்டு பைகளுக்கும் இடையே இருந்த தூரத்தைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் கடந்தார்கள். இன்று பேசப்படும் விலையுயர்ந்த கைப்பைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்களுக்கு அங்கிருந்துதான் தொடங்க முடிகிறது.

முதலில் கடந்தவள் அத்தை. 1974இல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கறுப்பு நிறத்தில் ஒரு கைப்பை வாங்கிவந்தாள். தெருவே சிரித்தது. அன்றைக்குக் கைப்பை நர்ஸ் அம்மாவுக்கு உரியது, இல்லையென்றால் சினிமாவில் வரும் திமிர்பிடித்த பணக்காரப் பெண்ணுக்கு உரியது. பையை ஆட்டிக்கொண்டு வருகிறவளை மூன்றாம் ரீலுக்குள் கதாநாயகன் அடக்கிவிடுவான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அது ரெக்சின் பை. தோல் பொருள் எதுவும் நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது ஆயாவின் சட்டம். சுத்தம் என்ற பெயரில் அதற்குள் சாதி இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தோலைத் தொட்டுப் பிழைத்தவர்கள் குடியிருந்த பக்கம் நாங்கள் விளையாடப் போகக் கூடாது என்பது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு. மார்கழி பஜனைக்கு வந்த மிருதங்கம் மட்டும் பூஜையறை வாசல்வரை வந்து உட்கார்ந்தது. அது எதனால் ஆனதென்று யாரும் கேட்டதில்லை.

சம்பள நாளன்று மாமா ஆணியில் தொங்கும் அந்தப் பையை இறக்கி, திறந்து, எண்ணி எடுத்துக்கொள்வார். அவர் கெட்டவரல்லர், அந்தக் காலத்து அளவுகோல்படி நல்லவர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். பையைத் திறப்பது மட்டும் தன் உரிமை என்று நினைத்தார். அத்தையும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பிறகு எப்போதோ ஒருநாள், செங்குன்றம் பேருந்து நிலையத்தருகே பை தைப்பவரிடம் கொடுத்து, உள்துணியைக் கிழித்து அதற்குள் இன்னொரு ஜிப் வைத்துத் தைத்து வாங்கினாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எங்கள் இருவருடைய கல்லூரித் தேர்வுக் கட்டணமும் அந்த ஜிப்புக்குள்ளிருந்துதான் வந்தது. அப்பாவுக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

அப்படிப் பெற்ற பணத்தில் படிக்கப் போன நாங்கள், பாரிமுனையில் இறங்கியதும் செய்த முதல் காரியம் கையிலிருந்த மஞ்சப்பையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டதுதான். மஞ்சப்பை என்பது அப்போது ஒரு பையின் பெயராக இல்லை, ஒரு வகை ஆளின் பெயராக இருந்தது. காலம் அதையும் திருப்பிப் போட்டது. 2007இல் லண்டனில் ஆன்யா ஹிண்ட்மார்ச் என்ற வடிவமைப்பாளர், தான் பிளாஸ்டிக் பை அல்ல என்று தன் மேலேயே எழுதிக்கொண்ட துணிப்பையை ஐந்து பவுண்டுக்கு விற்றபோது, விடிகாலையிலேயே வரிசை நின்றது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. சட்டைக்குள் ஒளித்தவர்கள் இன்று இலக்கியக் கூட்டங்களுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறோம். கொஞ்சம் பெருமையாகவும்கூட.

அக்கா மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது 2019இல். சில மாதங்களில் அவள் தோளில் பழுப்பு நிறப் பை ஒன்று ஏறியது. பையெங்கும் எல், வி என்ற எழுத்துகளும் பூக்களும். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. கம்பெனிப் பேருந்தில் அவளைப் போல இன்னும் பலர் அதே பையோடு ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். எங்களுக்குள் இருந்த வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்து அவளுக்குப் பாடம் எடுத்தோம்.

லூயி வுய்ட்டன் பாரிசில் 1854இல் பயணப் பெட்டிகள் செய்யத் தொடங்கியவர். அவருடைய சரக்கைப் பிறர் நகலெடுத்துத் தொல்லை தந்ததால், அவர் இறந்தபின் மகன் ஜார்ஜ் 1896இல் இந்த எழுத்தும் பூவும் சேர்ந்த கோலத்தை உருவாக்கினார். போலியைத் தடுக்க வந்த அந்தக் கோலம்தான் இன்று உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படுபவற்றில் ஒன்று. இன்னொன்றையும் வெற்றிக்களிப்போடு சொன்னோம்: அசல் பையின் அந்தப் பழுப்புப் பரப்பு தோலே அல்ல, மேலே பூச்சு கொடுத்த துணி. கைப்பிடியும் ஓரமும்தான் தோல்.

“அப்போ ஆயாவோட ரெக்சின் பையும் இதுவும் ஒண்ணுதானா?” என்று அத்தையைக் காட்டிக் கேட்டாள். முழுக்க ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தோம். அவள் விடவில்லை. “மாமா, சாயங்காலம் கேட்ல செக்யூரிட்டி தெனமும் இதத் தொறந்து கைய உட்டுத் தேடுவாங்க. ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு ஒருநாளும் பாத்ததில்ல. பொம்பளப் பசங்க பையில இன்னா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

எங்களிடம் அதற்குப் பாடம் எதுவும் இல்லை. அத்தை வெற்றிலையை மடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நாங்கள் பாரிசுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டுக் கப்பலேற்றியது இந்த மண். பெரியமேட்டுக் கிடங்குகள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. குரோமியப் பதனிடல் வந்தபின் பாலாறு என்ன ஆனதென்பதை 1996ஆம் வருடத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லும். ஆற்றையும் கிணற்றையும் இழந்தவர்கள் இங்கே இருக்க, பையின் மேல் வேறெங்கோ உள்ளவர்களின் பெயர் அச்சாகிறது. விதிவிலக்காகப் புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் சொந்தப் பெயரிலேயே விற்றது. 2007இல் லூயி வுய்ட்டன் குழுமத்தைச் சார்ந்த முதலீட்டு நிறுவனமே அதில் பங்கு வாங்க வந்தது.

இதற்கிடையில் அக்கா மகளின் ரசனையும் நகர்ந்துவிட்டது. எழுத்துப் பையை இப்போது அவள் தொடுவதில்லை. ‘கத்துது மாமா’ என்கிறாள். அவளுடைய தோழிகள் ஒயர்க்கூடை பின்னக் கற்றுக்கொள்கிறார்கள். அத்தை ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் அதே ஒயர்க்கூடை. பெரிய வீட்டார்களும் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறார்கள் போலும். 2025இல் நம் ஊர் மளிகைக்கடைத் துணிப்பை ஒன்றை அமெரிக்கக் கடையொன்று 48 டாலருக்கு விற்றது. அதே வருடம் லூயி வுய்ட்டன் ஆட்டோ ரிக்‌ஷா வடிவத்திலேயே ஒரு கைப்பை செய்துவிட்டது.

அந்த ஜூலையில்தான் பாரிசில் பிர்க்கின் பை ஏலம் போனது. பாடகியும் நடிகையுமான ஜேன் பிர்க்கின் எங்கே போனாலும் ஒரு பிரம்புக் கூடையோடு போகிறவர். விமானத்தில் அவருடைய சாமான்கள் சிதறி விழ, பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஹெர்மேஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் 1984இல் வந்த பிர்க்கின் பை. ஜேன் அதைக் கீறலும் கறையுமாகப் பல வருடங்கள் உபயோகித்தார். பட்டையில் ஒரு நகவெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். அந்த முதல் பை 86 லட்சம் யூரோவுக்குப் போனது.

செய்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டினோம். தொகையைக் கேட்டு அவள் அசரவில்லை. அந்த எண் அவளுக்குள் எங்கும் போய் உட்காரவில்லை என்று நினைக்கிறோம். “நகவெட்டியோடவா?” என்று மட்டும் கேட்டாள்.

கடந்த தீபாவளி போனஸில் அக்கா மகள் தோல் பை வாங்கினாள். ஹைடிசைன்தான். பெயர் எங்கேயென்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு சிறிதாக ஓரத்தில் இருந்தது. நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். ஆயா போய் இருபது வருடமாகிறது, ஆனாலும் நின்றாள். “உள்ள வா” என்றாள் அத்தை.

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விலை கேட்கவில்லை. எந்த ஊர்த் தோல் என்று கேட்கவில்லை. மோந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தோம், அதையும் செய்யவில்லை. விரித்து, உள்துணியின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டினாள். மாமா நாற்காலியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“உள்ளே இன்னொரு ஜிப் இருக்குதா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் அத்தை.