முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

“வண்டியப் பார்க்க வந்தீங்களா, வண்டிக்காரரப் பார்க்க வந்தீங்களா?” என்று வாசலிலேயே கேட்டார் வீட்டு அம்மா. இரண்டையும்தான் என்றேன். “அப்ப பின்பக்கம் போங்க. ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடக்கு.”

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில், தேயிலை மலைக்கும் லயங்களுக்கும் நடுவில் இருக்கிறது அந்த வீடு. ஆகஸ்ட் மாதம். நமுனுகுலைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருகிற அந்த வறண்ட காற்றுதான், பின்பக்கக் கொட்டகையின் தகரத்தையும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு மரக்கட்டைகளின் மேல், சக்கரம் ஒன்றுகூட இல்லாமல், ஒரு கெப் வண்டி உட்கார்ந்திருந்தது. அதன் கீழிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“வாங்க தம்பி. அந்த பதினொன்னு ஸ்பேனர எடுத்துட்டே வாங்க” என்றது வண்டிக்குக் கீழிருந்து ஒரு குரல். எடுத்துக் கொடுத்தேன். அது அல்ல என்று திரும்பி வந்தது. பழைய இங்கிலீஷ் வண்டிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தாது, அங்குலக் கணக்கில் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது, ஆளைச் சோதித்துப் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் அண்ணன். இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போ ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

வண்டி மொரிஸ் மைனர் பிக்கப், 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மைனர் கார் 1948இல் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் மினி காரையும் வடிவமைத்தார். பிக்கப் 1953இல் வந்து சேர்ந்தது. காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். பிக்கப்புக்கு மட்டும் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் உண்டு. மேல்தகடு முழுதும் உக்கிப் போனாலும் வண்டியை எழுப்பி நிறுத்தலாம் என்ற நம்பிக்கையை அண்ணனுக்குக் கொடுத்தது அந்தச் சட்டம்தான். 948 சீசீ எஞ்சின். ஏற்றக்கூடிய பாரம் ஐந்து அந்தர், அதாவது 560 இறாத்தல், ஏறக்குறைய 254 கிலோ. இன்றைய டபுள் கெப்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

பதிவுப் புத்தகத்தில் முதல் சொந்தக்காரராக இருப்பது ஒரு தோட்டக் கம்பனி. அதன் பிறகு ஒரு பேக்கரி, பிறகு மரக்கறி வியாபாரி ஒருவர். கடைசியில் கோழிகள். ஆமாம், பல வருடம் இது கோழிக்கூடாகத்தான் நின்றிருக்கிறது. “மழை தின்னத விட கோழி தின்னதுதான் ஜாஸ்தி” என்றார் அண்ணன். கோழிக் கழிவு ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டை அரித்துவிடும். பின்பெட்டியின் தரையில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி நல்ல தகடு வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகட்டை அளந்து வைத்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் பிடித்திருக்கிறார். ஒரே இழுப்பில் பிடித்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். ஒரு மூலையில் நான்கு புள்ளி, ஆறவிட்டு எதிர் மூலையில் நான்கு புள்ளி. அந்த ஓட்டை ஒன்றுக்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது.

வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய 2020க்கு அடுத்த வருடம் வேலையைத் தொடங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் நான்கு சக்கரமுள்ள எதற்கும் விலை ஏறியது. தனியார் வாகனத்துக்குக் கதவு மறுபடி திறந்தது 2025இல். பழைய வண்டியைத் தட்டிக்கொட்டி விற்றுக் காசு பார்த்தவர்கள் பலர். அண்ணனிடம் அதைக் கேட்டால் கோபம் வருகிறது. 1970க்கும் 77க்கும் இடையில் ஒரு பல்ப் வாங்கக்கூட அலைந்த காலத்தில் அவர் சின்னப் பையன். சாமான் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்படி என்பதை அந்த வயதிலேயே கராஜ் வாசலில் நின்று பார்த்தவர். 2022இல் பெட்ரோலுக்கு நாடே கியூஆர் கோடோடு வரிசையில் நின்றபோதுதான் இந்த வண்டியின் வேலை நன்றாக நடந்ததாம். “ஓடாத வண்டிக்கு கியூஆர் கோடு எதுக்கு?”

நான் எதிர்பார்த்துப் போனது எஞ்சினை. அவர் காட்டியது பிரேக்கை. எஞ்சின் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. நான்கு வருடத்தில் முதல் ஒன்றரை வருடம் பிரேக்குக்கும் முன் சக்கரக் கால்களுக்கும்தான் போயிருக்கிறது. பதுளை நகரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற மைனர் கார்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போல் பெயின்ட், வெள்ளை ரிப்பன், உள்ளே பழைய ரப்பர். வீட்டில் வண்டி எழுப்புகிற முக்கால்வாசிப் பேர் பெயின்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தப்பு. இந்த மலையில் அது தப்பு மட்டுமல்ல, ஆபத்து.

பசறை தாண்டி லுணுகலைக்குப் போகிற வழியில் 13ஆம் கட்டையை இந்தப் பக்கத்தில் யாரும் பேசாமல் கடப்பதில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை அங்கே பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஒதுங்க இடமில்லாத வீதியில் ஒரு அடி தவறினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். “இங்க வண்டி ஏறாட்டி தள்ளிக்கலாம் தம்பி. நிக்காட்டி?” என்று கேட்டுவிட்டு, பிரேக் டிரம் ஒன்றை என் கையில் வைத்தார்.

ஏழு அங்குல டிரம். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரேக் சூ, அவற்றைத் தள்ள இரண்டு சிலிண்டர். வண்டி முன்னால் ஓடும்போது சுழல்கிற டிரம்மே இரண்டு சூவையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பிடி இறுகும். வண்டி பின்னால் உருண்டால் அதே டிரம் இரண்டையும் தள்ளிவிடும், பிடி தளரும். ஏற்றத்தில் நின்று பின்னால் சறுக்கத் தொடங்கினால் மிதியை மட்டும் நம்பக்கூடாது, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, இதே வண்டியைத் தோட்டத்து மண் பாதையில் ஓட்டிய பழைய சாரதிகளை நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் பார்க்க வேண்டுமானால் கால்விரிப்பைத் தூக்கி ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். குனியச் சோம்பல்பட்டவர்கள் எத்தனை பேரோ. நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த ரப்பர் வளையங்களெல்லாம் ஊறி இரண்டு மடங்காகி இருந்தன. யாரோ பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, சிலிண்டர்களைப் பதுளையில் ஒரு லேத்தில் கொடுத்து உள்சுவர் தேய்த்து, புது ரப்பர், புதுக் குழாய். பழைய பிரேக் லைனர் தூசியை அவர் ஊதவில்லை, தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்தார். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிப்போவில் அந்தக் காலத்தில் வாயால் ஊதித்தான் சுத்தம் செய்வார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்தது முன் சக்கரக் கால். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் கீழ்முனையில் மரை இருக்கிறது, அது ஒரு வார்ப்புத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. கிரீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கம்பி துண்டை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம், கால் மடங்கிய மாடு போல உள்ளே மடங்கிப் படுக்கும். உலகம் முழுக்க மைனர்காரர்கள் பயப்படுகிற இடம் இது. தேய்ந்த துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தேன். மரை இருந்த இடம் கண்ணாடிக் குவளையின் உட்புறம் போல வழுவழுவென்று இருந்தது. இந்த நிலையில்தான் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது.

சாமான் எங்கே கிடைக்கிறது? பாதி கொழும்பு பஞ்சிகாவத்தையில். கால் பங்கு இங்கிலாந்திலிருந்து தபாலில், அதுவும் யாராவது வரும்போது. மிச்சம் இவரே செய்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் நிலையம் வைத்திருந்த சார்ல்ஸ் வெயர் என்பவர் 1990களில் இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்கிற கம்பனி ஒன்றைத் தொடங்கி, இங்கிருந்து அங்கே அனுப்பினார். கையால் தகடு தட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிஞ்சியிருந்தார்கள் என்பதுதான் காரணம். அண்ணனுக்கு இந்தக் கதை தெரியும். “அவங்களுக்கு நாம செஞ்சு குடுத்தோம், நமக்கு அங்கருந்து வரவேண்டியிருக்கு” என்றார்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிஸ்டன், ரிங், பெயரிங் மாற்றிக் கட்டியாயிற்று, ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பெட்ரோல் பம்ப்பை மட்டும் எனக்காக ஓடவிட்டுக் காட்டினார். கரண்டில் வேலை செய்கிற எஸ்யூ பம்ப். பெட்ரோல் போத்தல் ஒன்றில் குழாயை விட்டு, பற்றரியின் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் டக் டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. நிரம்ப நிரம்ப அடி மெதுவாகி, டக்... டக்... நின்றது. “இந்தச் சத்தம் கேட்டா போதும், சாரதிக்கு நிம்மதி. நின்னு போச்சுன்னா எறங்கி ஸ்பேனரால ஒரு தட்டு.”

பேச்சு முடியும் நேரம் உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய நம்பர் தகடு, நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’. வாகனத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பதிலாக இந்த எழுத்து வந்தது 1957இல். தமிழரசுக் கட்சி அதன்மேல் தார் பூசியது, எதிர்ப்பு மலையகம் வரை வந்தது, 1958 இனக் கலவரத்துக்கு முந்திய மாதங்களில் எரிந்த விறகுகளில் இந்த எழுத்தும் ஒன்று. இதையே திரும்ப மாட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். “புத்தகத்துல உள்ள நம்பர்தானே மாட்டணும். அதுவும் வண்டியோட ஒரு சாமான்தான்” என்று மறுபடி சுற்றி வைத்தார்.

அவருடைய அப்பா தோட்டத்து லொறியில் கிளீனர். சுகமில்லாதவர்களை ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரிப் பிக்கப்பின் பின்பெட்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனதைச் சொல்லியிருக்கிறாராம். இதே வண்டியா என்று ஆசையோடு கேட்டேன். “தெரியாது தம்பி. அப்ப எத்தனையோ தோட்டத்துல இது இருந்திச்சி.” கதைக்காக அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பெயின்ட் கடைசியில்தான். கதவோரம் ஒரு இடத்தில் தேய்த்துப் பார்த்திருக்கிறார். வெங்காயத் தோல் போல வெள்ளை, நீலம், மண் நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. அந்தப் பச்சைதான் அடிக்க நினைக்கிறார். ஒக்டோபருக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் இங்கே பெயின்ட் காயாது. கச்சான் காலத்தில் காயும், ஆனால் தூசி ஒட்டும். விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன் அடிக்க வேண்டும். அது அடுத்த வருடத்து வேலை.

வீட்டு அம்மா பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். “கேட்டீங்களா, அடுத்த வருசமாம். நாலு வருசமா இதுதான்” என்றார். ஆனால் கொட்டகை மூலையில் சக்கர நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டிருந்த ஜாம் போத்தல்களின் மேல் ஒட்டியிருந்த கையெழுத்து அவருடையது என்று பிறகு தெரிந்தது.

இப்போது குறைவது ஒரே ஒரு பெரிய சாமான்: பின்பெட்டியின் கதவு. அகலமான இரும்புக் கதவு, கீழே கீல், இரண்டு பக்கமும் சங்கிலி. பஞ்சிகாவத்தையில் இல்லை, இவர் தேடாத ஊர் இல்லை. ஊவாவிலோ வேறெங்குமோ உங்கள் வீட்டுப் பின்னால் அப்படி ஒன்று கோழிக்கூட்டையோ தண்ணீர்த் தொட்டியையோ மூடிக்கொண்டு கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடுமுன் இந்த இதழுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வந்து எடுத்துக்கொள்வார். உங்கள் கூட்டுக்கு வேறு கதவும் செய்து தருவார்.