விட்டதைப் பிடிக்காமல் வீடு திரும்புதல்



கடந்த பிசான நடவு நடந்துகொண்டிருந்த நாள்களில், ஒரு மாலை வேளையில் வாலிபர் ஒருவர் குருமனைக்கு வந்தார். தாமிரபரணிக் கரையிலுள்ள கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். படித்து, நல்ல வேலையில் இருப்பவர். அவருடைய தாயார் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய அனுமதியோடேதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

நெடுநேரம் வேறு காரியங்களைப் பேசிவிட்டு, விடைபெற்று வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கைபேசியில் சீட்டாடி மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை இழந்துவிட்டதாகச் சொன்னார். அதில் தாயாரின் நகையை அவர் அறியாமல் அடகு வைத்து வாங்கிய பணமும் அடக்கம். "அம்மாவிடம் சொன்னாயா தம்பி?" என்று கேட்டேன். "விட்டதைப் பிடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருக்கேன் ஐயா" என்றார்.

அப்போதே அவருக்கு ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். ஆனால் அவர் ஆடியது எப்படிப்பட்ட ஆட்டம் என்றே எனக்குத் தெரியாது. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் கற்றேனேயன்றி, சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. ஆகவே, "அதை எனக்கும் கற்றுக்கொடு" என்றேன். மறுநாள் அவர் ஒரு சீட்டுக்கட்டுடன் வந்தார். பந்தயப் பணத்துக்குப் பதிலாகச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை எடுத்துவைத்தேன்.

அந்த ஆட்டத்துக்கு வீடியோ போக்கர் என்று பெயர். எதிரே மனிதர் எவரும் இல்லை. இயந்திரம் ஐந்து சீட்டுகளைத் தரும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அமையும் சீட்டுகளுக்கு ஏற்ப, திரையிலுள்ள பட்டியலின்படி பணம் கிடைக்கும். இதில் கற்க வேண்டிய நுட்பம் உண்மையாகவே உண்டு. ஒரு ஜோடி ஐந்தும், தனியாக ஒரு ஏஸும் வந்தால், ஐந்துகளை வைத்துக்கொண்டு ஏஸை விட்டுவிட வேண்டும். பெரிய சீட்டாயிற்றே என்று மனம் அதை விட மறுக்கும். இப்படி எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நீண்ட வரிசையே உண்டு. ஆட்டத்தின் வகை மாறினால் அந்த வரிசையும் மாறும். அவர் அவற்றையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருந்தார்.

"இது திறமை ஆட்டம் ஐயா" என்று அவர் அடிக்கடி சொன்னார். நம்முடைய மாநிலத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிப் பெரிய வழக்கே நடந்தது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அவ்விரண்டும் திறமை சார்ந்தவை என்று கூறி, அவற்றை மட்டும் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. நம் வாலிபரோ அதற்குப் பிறகும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் பேசப்பட்டது மனிதரோடு மனிதர் ஆடும் போக்கர்; இவர் ஆடியதோ இயந்திரத்தோடு. பெயர் ஒன்றாயிருந்ததே அவருக்கு ஆறுதலாயிருந்தது.

திறமை இருந்தால் ஏன் தோற்றார்? இருவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பரவலாக ஆடப்படும் வகையில், ஒரே எண்ணில் மூன்றும் இன்னோர் எண்ணில் இரண்டும் அமைந்தால் ஒன்றுக்கு ஒன்பது பங்கு. ஐந்தும் ஒரே இனமானால் ஆறு பங்கு. இந்தப் பட்டியலில் ஒரு பிழையுமின்றி ஆடுகிறவருக்கு, நீண்டகாலச் சராசரியில், நூறு ரூபாய்க்குத் திரும்புவது 99 ரூபாய் 54 காசு. அந்த ஒன்பதை எட்டாகவும் ஆறை ஐந்தாகவும் குறைத்துவிட்டால், அதே திறமைக்கு 97 ரூபாய் 30 காசு. அவர் ஆடிய தளத்தின் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தவை எட்டும் ஐந்தும். அவருடைய திறமை மெய்தான். ஆனால் விலையை எழுதியவர் வேறொருவர்.

அந்தச் சராசரிக்குள்ளும் ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை அமையும் பெரும் பரிசு அடங்கியிருக்கிறது. அது ஏறத்தாழ 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை வரக்கூடியது. அது வராதவரை இழப்பு இன்னும் அதிகம்.

அடுத்து, தொடர்ந்து தோற்பதைப் பற்றிப் பேசினோம். எவ்வளவு நன்றாக ஆடினாலும் நூற்றில் ஏறத்தாழ 55 ஆட்டங்களில் ஒன்றும் கிடைக்காது. அப்படியானால் அடுத்தடுத்துப் பத்து ஆட்டம் வெறுமையாய்ப் போவது, சராசரியாக ஆயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறை நடக்கும். கைபேசியில் மணிக்கு 500 ஆட்டம் ஆடுகிறவருக்கு அது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை! அவரோ அதைத் தமக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று எண்ணி, பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போயிருக்கிறார். பத்து ரூபாயில் தொடங்கிப் பத்து முறை இரட்டித்துத் தோற்றால் போவது 10,230 ரூபாய். பதினோராம் முறை கட்ட வேண்டியது 10,240. அப்போது ஜாக்கி ஜோடி வந்தாலும் கட்டிய பணம் மட்டுமே திரும்பும்; பழைய இழப்பு அப்படியே நிற்கும். முந்தின பத்துத் தோல்விகள் அடுத்த சீட்டுக்குத் தெரியாது. இத்தனைத் தோற்றவனுக்கு இனி ஜெயம் வர வேண்டும் என்று இயந்திரம் இரங்குவதுமில்லை.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். மூன்றாம் நாள் இரவு அவர் போன பின்பும், நான் தனியே சீட்டுகளைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் கொட்டைகள் குறையக் குறைய, இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று மனம் இழுத்தது. என் மனைவி வந்து விளக்கை அணைத்தபோது மணி பன்னிரண்டரை. எட்டணாவும் பெறாத புளியங்கொட்டைக்கே எனக்கு அப்படியென்றால், தாயின் நகையை இழந்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றிரவு, அவரைக் குறித்து என் உள்ளத்தில் இருந்த கடிந்துகொள்ளுதல் அடங்கிப்போயிற்று.

"விவசாயமும் சூதாட்டந்தானே ஐயா?" என்றும் அவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில், பெருமழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, நம்முடைய வயல்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஆனாலும் பயிரை இழந்தவர் எவரும், ஆத்திரத்தில் அன்றிரவே இரண்டு பங்கு நிலத்தில் விதைக்கவில்லை. தண்ணீர் வடியும்வரை காத்திருந்தார்கள். கடன் எவ்வளவு என்று வீட்டாரோடு உட்கார்ந்து எண்ணினார்கள். பருவம் பார்த்து மறுபடியும் நாற்றுப் பாவினார்கள். நிலம் தோற்றவனை அவசரப்படுத்துவதில்லை. கைபேசியோ அடுத்த சீட்டை ஒரு நொடியில் நீட்டுகிறது. மேலும், விளைந்த நெல் விதைத்தவனை மட்டுமன்றி ஊரையும் போஷிக்கிறது.

பிரியமானவர்களே, லூக்கா பதினைந்தாம் அதிகாரத்து இளைய குமாரனை அந்த நாள்களில் நான் புதிதாய் வாசித்தேன். தூரதேசத்தில் எல்லாவற்றையும் இழந்தவன், இழந்ததைச் சம்பாதித்து நிரப்பிக்கொண்டு வீடு திரும்பவில்லை. வெறுங்கையோடு எழுந்து போனான். பன்றிகள் நடுவே இருந்துகொண்டு, முதலைச் சேர்த்தபின் தகப்பனைப் பார்ப்பேன் என்று அவன் எண்ணியிருந்தால், அந்தக் கதையில் விருந்தே இருந்திராது. விட்டதைப் பிடித்துவிட்டுச் சொல்கிறேன் என்ற வாக்கியம் பொறுப்புள்ள மகனின் பேச்சுப்போல ஒலிக்கிறது. ஆனால் அதுவே மகனை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. தொடர்ந்து தோற்கிறவன் கற்க வேண்டிய உத்தியாக நான் கண்டது ஒன்றே: இழப்பை இழப்பாகவே கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பது.

அடுத்த ஞாயிறு மாலை இருவருமாய் அவர் வீட்டுக்குப் போனோம். தாயார் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகன் முழுத்தொகையையும் குறைக்காமல் சொன்னார். அந்தத் தாய் என்னைப் பார்க்கவுமில்லை, அழவுமில்லை. கை மட்டும் நின்றுபோயிற்று. இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அடகுச் சீட்டை எடுத்துட்டு வா" என்றாராம். இப்போது மாதந்தோறும் சம்பளம் தாயாரின் கைக்கு வருகிறது. கடன் ஒரு நோட்டில் எழுதப்படுகிறது. நகை இன்னும் மீளவில்லை. இடையில் ஒருமுறை அவர் மறுபடியும் ஆடினார். அன்றிரவே தாயாரிடம் சொல்லிவிட்டார்.

நம் சபையில் இப்படிப் பாரம் சுமக்கிறவர்கள் இன்னும் இருக்கக்கூடும். அந்தத் தளத்தை இன்றே நீக்குங்கள், பணப் பொறுப்பை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்புவியுங்கள், முழுத்தொகையைச் சொல்லுங்கள். தூக்கம் இழந்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாமோ என்ற எண்ணம் வந்தால், அரசின் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தயங்காமல் அழையுங்கள். குருமனைக் கதவையும் எந்நேரமும் தட்டலாம். பெற்றோரே, பிள்ளை வந்து சொல்லும் நாளில் கோபம் வருவது இயல்பு. ஆனாலும் சொன்ன வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஜெபம்: பரம தகப்பனே, இழந்ததை மறைத்துத் தூரதேசத்தில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, வெறுங்கையோடு எழுந்து வரும் தைரியத்தைத் தாரும். அவர்களை ஏற்றுக்கொள்ளும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.