செத்த காலேஜ்

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய சென்னைக்காரர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. என் மகளை ஏழு வயதில் முதல் தடவை அங்கே கூட்டிப் போனேன். அன்றைக்கு அந்தப் பெயரை நிஜமாக்கியவன் நான்தான்.

மே மாத வெயில். டிக்கெட் வாங்கியாயிற்று, ஒரு அறையைக்கூட விடக் கூடாது என்று எனக்கு வெறி. திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் அவள் வாயைப் பிளந்து நின்றாள். "வா, வா, இன்னும் நிறைய இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கல்வெட்டு, நாணயம், ஆயுதம் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் லெக்சர். "இந்த மியூசியம் எந்த வருஷம் ஆரம்பிச்சாங்கன்னு சொன்னேன்? சொல்லு பார்க்கலாம்." 1851 என்று அவள் சொல்லவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கால் வலி என்றுதான் நினைத்தேன். விசும்பலுக்கு நடுவே சொன்னாள்: "பரீட்சை வைக்காதப்பா!"

அதற்கப்புறம் இரண்டு வருஷம் மியூசியம் என்ற பேச்சே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கோயிலில் ஒரு தூணை நான் காட்டினால் போதும், நைஸாக நழுவி அவள் அம்மாவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். 'அது என்னப்பா, இது ஏம்ப்பா' என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த பெண், என்னிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு உறைத்தது அங்கேதான்.

டிராயிங் மாஸ்டராக இருக்கும் நண்பரிடம் புலம்பினேன். "மூணே மூணு பொருள் பாருங்க. அவங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றார். இதில் இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாக்களுக்குத் தெரியும். நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் யெனவைன் என்பவரும், அபிகைல் ஹௌசன் என்ற மனோதத்துவக்காரரும் இதை ஒரு முறையாகவே உருவாக்கியிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். மொத்தம் மூன்று கேள்விகள்தான். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? கவனியுங்கள், எதற்கும் 'தப்பு' என்று மார்க் போட முடியாது.

இரண்டாம் தடவை, துணைக்கு அக்கா பையனையும் அழைத்துக்கொண்டேன். அவனுக்குப் பத்து வயது. முதலில் திமிங்கலம். பழைய கடன். அவர்களாக நகர்கிற வரை நின்றேன்.

அப்புறம் அமராவதி சிற்பங்கள். வட்டமான ஒரு கல், சுமார் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துப் பழசு. தரையில் உட்காரச் சொன்னேன். "என்ன நடக்குது?"

"ரெண்டு யானை" என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த யானைக்குக் கோபம். எல்லாரும் பயந்து ஓடறாங்க. அந்த யானை மண்டி போட்டிருக்கு." பையன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தான். "மாடி ஜன்னல்லேர்ந்து வேடிக்கை பார்க்கறாங்க மாமா, நம்ம தெருவில சண்டை நடந்தா பார்க்கற மாதிரியே!" திடீரென்று மகள், "ரெண்டு யானை இல்லப்பா, ஒரே யானை! முதல்ல கோபம், அப்புறம் சமாதானம்" என்றாள். மதம் பிடித்த நளகிரி யானை புத்தர் முன் பணிந்த கதை அது. நான் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கல்லிலிருந்தே படித்துவிட்டாள். புத்தர் பெயரை மட்டும் நான் சொன்னேன்.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். பிரெஞ்சு சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வராமலேயே, போட்டோவைப் பார்த்து 1913-ல் உருகி உருகி எழுதியது இவரைப் பற்றித்தான். சொல்ல நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். "மத்த நடராஜருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன் (பரீட்சை வாசனை லேசாக அடித்தது, மன்னிக்கவும்). சுற்றிலும் நெருப்பு வளையம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பையன் ஒற்றைக் காலில் ஆடிக் காட்டப் போய்ப் பொத்தென்று விழுந்தான். மகள் குனிந்து, காலுக்கடியில் கிடக்கும் முயலகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவனுக்கு வலிக்காதா?" நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

"இதே மாதிரி இன்னொண்ணு செய்ய முடியாதா?" என்று கேட்டான் பையன். கேட்டுவிட்டான் அல்லவா, இப்போது சொல்லலாம். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். மேலே மண் பூசிக் காயவைத்துச் சூடு பண்ணினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள்.

"அச்சை உடைச்சிட்டா அடுத்தது?"

"மறுபடி மெழுகிலேர்ந்து."

"அப்ப உலகத்துலயே இது ஒண்ணுதானா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை.

மூன்றாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். பத்து தடவையாவது பார்த்திருப்பேன். மகள் விரல் விட்டு எண்ணினாள். "அப்பா, மூணு கைதான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சிடுச்சா?" பார்த்தேன். உடையவில்லை. சிவன் பக்கம் இரண்டு, பார்வதி பக்கம் ஒன்று. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பத்து தடவையும் நான் எதைப் பார்த்தேனோ! பையன் உடனே, "அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒரு கை? வீட்ல அவங்கதானே நிறைய வேலை செய்யறாங்க?" என்றான். பக்கத்தில் நின்ற ஊழியர் சிரித்துவிட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், லீவு. வயிற்றுக்கு ஏதாவது போட்டுக் கூட்டிப் போங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும், பெயர்ப் பலகையைக் காப்பியடிக்க அல்ல, கிறுக்க. ஒரு மணி நேரத்துக்குள், அவர்கள் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும்போதே வெளியே வந்துவிடுங்கள்.

ராத்திரி சாப்பிடும்போது மகள் அம்மாவிடம் மூன்று கை சமாச்சாரத்தைச் சொன்னாள். "ஒரே ஒரு கைன்னா அதுல கரண்டிதான் இருந்திருக்கணும். இருந்துச்சா?" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

மகள் யோசித்தாள். "சரியாப் பார்க்கலம்மா. மறுபடியும் போகணும்."