விளையாட்டு வண்டியும் வீட்டுப் பாடமும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழியைப் பிறர்மீது எய்வது எளிது. அது நம்மை நோக்கியே திரும்பும் நாள் ஒன்று வருமென நாம் எண்ணியதில்லை. சென்ற ஓண விடுமுறையில், மட்டாஞ்சேரியில் உள்ள நமது வீட்டு முற்றத்திலே அந்த நாள் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு முழ நீளமுள்ள விளையாட்டுக் கார்.

‘பொம்மை’ என்று சொன்னால் நம் மகனுக்குக் கோபம் வரும். துபாயில் பணிபுரியும் அவனுடைய தாய்மாமன் அன்புடன் வாங்கி வந்த வண்டி அது. கையில் பிடித்திருக்கும் கருவி வானொலி அலைகளால் கட்டளையிட, வண்டி தொலைவில் ஓடும். மின்கலத்தால் ஓடும் வகை கடைகளில் மலிந்து கிடக்கிறது. இதுவோ மெய்யான எஞ்சின் உடையது. கட்டைவிரல் அளவு பிஸ்டன், ஏறக்குறைய 2.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. ஆயினும் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 25,000 சுற்றுக்கு மேல் சுழலும்.

இதற்குப் பெட்ரோல் ஆகாது. மெத்தனால் என்னும் மரச்சாராயம், நைட்ரோமீத்தேன், மசகெண்ணெய் ஆகிய மூன்றும் கலந்த தனி எரிபொருள் வேண்டும். விமானத்தில் அதைக் கொண்டுவர இயலாதாகையால் இங்கேயே தேடி இரண்டு தகரக் குப்பிகள் வாங்கினோம். பெரிய வண்டிகளில் உள்ளதுபோல் நொடிதோறும் பொறி தெறிக்கும் பிளக்கும் இதில் இல்லை. பிளாட்டினம் கலந்த நுண்கம்பிச் சுருள் ஒன்று குளோ பிளக்கின் உள்ளே இருக்கிறது. தொடங்கும்போது மட்டும் 1.5 வோல்ட்டுக்கு மேற்படாத சிறு மின்கலத்தால் அதைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மேல் படும்போது நிகழும் வேதிவினையும், எரிதலின் வெப்பமும் சேர்ந்து கம்பியை அணையாமல் காக்கின்றன. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இத்தகைய பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் பாரமான பொறியமைப்பைச் சுமக்க வேண்டிய தேவை சிறு எஞ்சின்களுக்கு இல்லாது போயிற்று.

மே மாதத்தில் வண்டி அருமையாக ஓடிற்று. வெளி மைதானத்தில், சலவைத்துறைக்கு அருகே முதல்முறை ஓட்டினோம். டச்சுக்காரர் காலந்தொட்டே இக்கரையில் துணி வெளுத்துவருபவர்கள் என்று சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்யும் இடம் அது. கயிற்றில் வெள்ளை வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, புகையிலே எண்ணெய் வருது. துணியிலே படிஞ்சா மறுபடி வெளுக்கணும். கொஞ்சம் அந்தப் பக்கம் போய் ஓட்டுங்களேன்” என்றார். அவர் சொன்னது உண்மை. எரிபொருளில் கலந்த எண்ணெய் முழுதும் எரிவதில்லை. எஞ்சினின் உறுப்புகளை நனைத்துவிட்டுப் புகையோடு வெளியேறுகிறது. நாணி மைதானத்தின் மறுகோடிக்குச் சென்றோம். புகை எவ்வளவு என்று பார்த்தே எஞ்சினின் நலத்தை அறியலாம் என்பதை அப்போது நாம் உணரவில்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி பரணுக்குப் போயிற்று. ஓணத்துக்கு எடுத்தபோது அது உயிர்கொள்ள மறுத்தது. கயிற்றை இழுத்து இழுத்து மகனின் கை சிவந்தது. நாம் சும்மா இருந்தோமா? ‘இந்தத் திருகுதான் கோளாறு’ என்று ஒன்றைத் திருப்பினோம், பயனில்லை என்றதும் இன்னொன்றைத் திருப்பினோம், மூன்றாவதையும் விடவில்லை. முதலில் எது எங்கே இருந்தது என்பதும் மறந்துபோயிற்று. இறுதியில், “வண்டியே மட்டம், மாமா ஏமாந்து வாங்கிவிட்டார்” என்று தீர்ப்பும் கூறினோம். மகன் ஒன்றும் பேசாமல் வண்டியைத் துணியால் போர்த்தி வைத்தான். அந்த மௌனம் நம்மை உறுத்தியது.

நமது தெருவில் குளச்சலிலிருந்து வந்து குடியேறிய நண்பர் ஒருவர் இருக்கிறார். மீன்பிடி வள்ளங்களின் வெளிப்பொருத்து எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். ஞாயிறன்று அவரை அழைத்தோம். வண்டியைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் உடனே தொடவில்லை. “அண்ணே, கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் எதை எதை மாத்தினீங்க?” என்று கேட்டார். நாம் செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டோம். “ஒண்ணைத் திருப்பினா ஒண்ணைப் பார்க்கணும். மூணையும் ஒரே நேரத்திலே திருப்பினா, எது குணமாக்குச்சு, எது கெடுத்துச்சுன்னு எவன் சொல்லுவான்?” என்றார். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த முறையும் இதுவே அன்றோ! நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும்.

அவர் ஆராய்ந்த வரிசையை அன்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம். இத்தகைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் வேறு சிலரும் உளர்.

முதலாவது, எரிபொருள் கார்புரேட்டர்வரை சேர்கிறதா என்று பார்த்தார். குழாயில் காற்றுக்குமிழி தென்பட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. சைலன்சரிலிருந்து எரிபொருள் தொட்டிக்குச் செல்லும் மெல்லிய குழாய் கழன்றாலும் எஞ்சின் தடுமாறும். அதன்வழி வரும் அழுத்தமே எரிபொருளை முன்தள்ளுகிறது. இரண்டாவது, குளோ பிளக்கைக் கழற்றி மின்கலத்தில் பொருத்திக் காட்டினார். சுருள் முழுவதும் பளிச்சென்று செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் மின்கலம் தளர்ந்திருக்கலாம். கம்பி அறுந்திருந்தால் பிளக்கை மாற்றுவதே வழி.

மூன்றாவது, அழுத்தம். குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுழற்றினால், பிஸ்டன் மேலே வரும் இடத்தில் இறுக்கம் தெரிய வேண்டும். சிலிண்டரின் மேற்புறம் இம்மியளவு குறுகலாக அமைந்திருப்பதால் புது எஞ்சினில் அவ்விறுக்கம் மிகுதி. அதைக் கோளாறு என்று மயங்கக் கூடாது. ஆனால் கயிறு அடியோடு அசையாமல் நின்றால் வலிந்து இழுக்கலாகாது. எரிபொருள் உள்ளே நிரம்பிப் பிஸ்டனைத் தடுத்திருக்கும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, துளையை முகத்துக்கு நேரே வைக்காமல், மெல்ல இழுத்து வடியவிட வேண்டும். நான்காவது, காற்று. காற்று வடிகட்டி தூசு அடையாமல், எண்ணெய்ப் பதத்துடன் இருக்க வேண்டும். கார்புரேட்டர் பொருந்தும் இடத்திலோ பின்மூடியிலோ காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால், கைவிட்ட பின்னும் எஞ்சின் தானாக இரைந்து ஓடும். அந்நிலையில் திருகை எவ்வளவு திருப்பினும் ஒரு நிலையில் நில்லாது.

இவை நான்கும் சரியென்று கண்ட பிறகே திருகுகளில் கை வைத்தார். வண்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் பிரித்து, ஊசித்திருகுகளை மெதுவாக உட்புறம் முடியும்வரை திருப்பி, அதிலிருந்து புத்தகம் சொன்ன சுற்றுகளை எண்ணி வெளியே எடுத்தார். “இனி ஓடவிட்டு, ஒரு சுற்றிலே பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாத் திருப்பாதே” என்று மகனிடம் கூறினார். எரிபொருள் மிகுந்தால் புகை அடர்ந்து வரும், வண்டி சோம்பும். குறைந்தால் புகை அற்று, ஓசை கீச்சென்று உயர்ந்து, வேகமெடுக்கும்போது திடீரென நிற்கும். மிகுதியைவிடக் குறைவே கொடியது. எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறதாகையால், குறைந்தால் பிஸ்டன் வறண்டு தேயும். சூடான எஞ்சினின் தலையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கலாம். மூன்று நான்கு நொடியில் கொதித்து மறைந்தால் சரி. பட்டதும் சீறித் தெறித்தால் எஞ்சின் வரம்புமீறிச் சூடாகியிருக்கிறது.

இத்தனையும் செய்து கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது, ஓடியது. மகனின் முகம் மலர்ந்தது. மின்கலத்தை எடுத்ததும் நின்றுவிட்டது! புதிய பிளக்கைப் பொருத்தினார், அதே கதை. நண்பர் சற்று யோசித்து, “எரிபொருள் எதிலே வச்சிருக்கீங்க?” என்றார்.

மே மாதத்தில், தகரக் குப்பியிலிருந்து வண்டியின் சிறு தொட்டியில் ஊற்றும்போது சிந்துகிறதென்று, பாதியைத் தண்ணீர்ப் புட்டி ஒன்றில் மாற்றியிருந்தோம். மாற்றியவர் வேறு யாருமல்லர், நாமே. அதை எடுத்துவர மகன் உள்ளே ஓடினான். மறுகணம், “அப்பா!” என்று அலறினான்.

நாம் ஓடிச்சென்று கண்ட காட்சி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. அடுத்த வீட்டு ஐந்து வயதுச் சிறுமி, நம் இல்லத்தில் தன் வீடுபோல் வந்து விளையாடுபவள், பின்கட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தாள். அவளுடைய இரு கைகளிலும் அந்தப் புட்டி. உள்ளே இருந்த எரிபொருளின் நிறம் இளஞ்சிவப்பு. மூடி தரையில் கிடந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த மூடி, பிஞ்சு விரல் பட்டதுமே கழன்றுவிட்டது. “இது சர்பத்தாணோ சேட்டா?” என்று கேட்டாள். மகன் அதற்குள் புட்டியைப் பறித்துவிட்டான். ஒரு துளியும் அவள் வாயில் படவில்லை என்பதைப் பலமுறை உறுதிசெய்துகொண்ட பின்னரே நமக்கு மூச்சு வந்தது.

அன்பர்களே, அந்த மெத்தனால் எத்தகையது என்பதை இக்கரையில் வாழ்வோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சித் துறையிலிருந்து படகில் சில நிமிடத்தில் சென்றடையும் வைப்பினில், 1982ஆம் ஆண்டு ஓணத்தின்போது மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை இழந்தனர். 2024 ஜூனில் நம் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். உடலுக்குள் சென்றதும் இது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் பெருந்துன்பம் தெரியாமல் பல மணி நேரம் கழித்தே கேடு வெளிப்படுவதும் உண்டு. ஆதலால், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும், முறிமருந்து உண்டு. மெத்தனால் பற்றியெரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. இத்தகைய பொருளையா தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிப் பின்கட்டில் வைத்தோம்!

நடுக்கம் தணிந்தபின் நண்பர் புட்டியைக் கையில் எடுத்துக் காட்டினார். எஞ்சினின் நோய்க்கும் காரணம் அதுவே. மெத்தனாலுக்கு நீர்மேல் பெருவேட்கை. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒருபுறம் காயலும் ஒருபுறம் கடலும் சூழ்ந்த நமது ஊரில், மூன்று மாத மழையில், தளர்ந்த மூடியின் கீழ் இருந்த எரிபொருள் நீர்த்துப்போயிற்று. நீர் கலந்த எரிபொருளால் கம்பியின் கனலைக் காக்க இயலவில்லை. ஆகவே மின்கலத்தை எடுத்ததும் எஞ்சின் அணைந்தது. இரண்டாவது தகரக் குப்பியின் முத்திரையை உடைத்து ஊற்றியதும் மூன்றாவது இழுப்பில் வண்டி உயிர்பெற்றது. மின்கலத்தை எடுத்தோம், நிற்கவில்லை. மெல்லிய நீலப்புகை ஒரே சீராக வந்தது. வண்டியும் மட்டமன்று, மாமாவும் ஏமாறவில்லை.

எஞ்சினில் தேடிய பிழை நமது வீட்டில் இருந்தது. அதுவும், வண்டியை நிறுத்திய பிழையும், ஒரு குழந்தையின் கண்ணொளியைப் பறித்திருக்கக்கூடிய பிழையும் ஒன்றே. வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தப் புட்டியை அன்று நாம் தேடியே இருக்கமாட்டோம். அதை எண்ணும்போதெல்லாம், நின்றுபோன அந்த எஞ்சினுக்கு மனத்தில் நன்றி கூறுகிறோம்.

பழைய எரிபொருளைச் சாக்கடையிலோ காயலிலோ கொட்டாமல், இறுக மூடிப் பெயரெழுதி, கழிவு எண்ணெயோடு முறைப்படி ஒப்படைப்பதற்காக நண்பர் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். இப்போது ஓட்டி முடித்ததும் தொட்டியை வடித்து, எஞ்சினில் எஞ்சியதை எரித்துத் தீர்த்து, பிளக்கின் துளையில் சில துளி எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்கிறோம். இல்லையேல் உள்ளே தங்கும் ஈரமும் அமிலக் கசடும் பேரிங்குகளை அரித்துவிடும். எரிபொருள் அதன் தகரக் குப்பியிலேயே, பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

குப்பியில் ஒட்ட மகன் ஒரு சீட்டு எழுதினான். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்பவன் ஆதலால் முதலில் மலையாளத்தில் ‘விஷம்’ என்று எழுதினான். அடுத்த வீட்டுச் சிறுமி படிக்கத் தொடங்கினால் அதைத்தான் படிப்பாள். பிறகு நம்மிடம் வந்து, “நஞ்சு என்பதில் முதல் எழுத்து எந்த ‘ந’, அப்பா?” என்று கேட்டான். நாம் கையைப் பிடித்து எழுதிக் காட்டினோம். எழுத்து சற்றே கோணலாக வந்தது. ஆயினும் அந்தக் கோணலை நாம் திருத்தவில்லை.