கொங்கண்: பர்ஸுக்கு ஏற்ற கடற்கரை

மும்பையிலிருந்து காரில் குடும்பத்தோடு தெற்கே கிளம்புகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம், தேசிய நெடுஞ்சாலை 66தான். கொங்கணில் அது பெரும்பாலும் கடலைவிட்டு விலகியே ஓடுகிறது. மேற்கே பிரியும் சாலைகளில் இறங்கினால்தான் குகாகர், கணபதிபுலே, மால்வண் வரும். மலிவான அறைகளும் அங்கேதான்.

கடலைப் பார்த்த விடுதிகளில் நான்கு பேருக்கு இரண்டு அறை எடுக்க நேரும். தென்னை, பாக்குத் தோப்பு வீடுகளில் ஒரே அறையில் கூடுதல் மெத்தை கிடைத்துவிடும். சமையல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைவண்ணம், வருமானமும் வீட்டுக்கே. மால்வணில் மீன் குழம்பும் சோல்கடியும். குகாகர் பக்கம் பல வீடுகளில் சைவம் மட்டும். எத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கணபதிபுலேயில் கோயிலின் பக்த நிவாஸும் உண்டு.

தீபாவளி, கிறிஸ்துமஸ், மே மாதம் என்றால் மும்பை, புனே கூட்டம் வாடகையை ஏற்றிவிடும். வார நாட்களே சிக்கனம். தாபோள் கழிமுகத்தில் காரையே படகில் ஏற்றிக் கடக்கலாம், நீண்ட சுற்று மிச்சம். ஆனால் கடைசிப் படகைத் தவறவிட்டால், தூங்கி விழும் குழந்தைகளோடு இருட்டில் அறை தேட வேண்டியதுதான். அப்போது பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. பொழுது சாய்வதற்குள் அறை; அதுதான் இந்தப் பாதையில் பெரிய சேமிப்பு.